மூன்று வார அட்டை

திருப்பூர் ராயபுரத்தில் விடிவதற்கு அரைமணி முன்பு ஜன்னல் கதவை மூன்று முறை தட்டுவார் கிட்டுசாமி. முட்டியால் தட்டுவதில்லை, நகத்தால். உள்ளே குழந்தைகள் தூங்குகிற வீடுகள். ‘ம்’ என்று ஒரு குரல் வந்தால் தெருவில் நிற்பார். வராவிட்டால் அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்துவிடுவார். நான்காவது தட்டு கிடையாது. மறுநாள் அந்த ஆளைப் பார்க்கும்போது ஏன் வரவில்லை என்று கேட்பதும் கிடையாது.

ஐந்தேகால் மணிக்குத் தெருமுனைக் குழாயடியில் சில நாள் எட்டுப் பேர் இருப்பார்கள், சில நாள் மூன்று பேர். நல்ல மழையென்றால் கிட்டுசாமி மட்டும். எல்லோரும் பனியன் கம்பெனி ஆட்கள். வேட்டியை அவிழ்த்து மடித்துக் குழாயடி மேடையில் வைத்துவிட்டு, காக்கி அரைக்கால் சட்டையுடன் ஊத்துக்குளி சாலையில் ஓடத் தொடங்குவார்கள். கிட்டுசாமி மேலே போட்டிருப்பது கம்பெனியில் கழித்துப் போட்ட பனியன். ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் இருக்கும். தானே வெட்டிக் கெடுத்த உருப்படி என்பதால் தானே போட்டுக்கொள்வதாகச் சொல்வார். நாற்பத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பு, பெரிய பாதம். ஓடும்போது அவர் கால் சத்தம் மற்றவர்கள் சத்தத்திலிருந்து தனியாகக் கேட்கும், ஈரத்துணியைக் கல்லில் மெதுவாக அடிப்பதுபோல.

நான் இந்த ஊர்த் தபால் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருஷமாகிறது. குடியிருப்பது அவர் வீட்டுக்கு எதிரில். ஓட எனக்குத் தெம்பில்லை. சைக்கிளில் பின்னால் போவேன். முதல் நாள் பேச வந்தபோதே அவர் என் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்து நிமிண்டிப் பார்த்து, “சார், இது ரெண்டு தண்ணிக்கு மேல தாங்காதுங்க” என்றார். எனக்குச் சற்றுக் கோபம் வந்தது. இரண்டாவது சலவையில் சட்டை முழங்கைக்கு ஏறிவிட்டது. பேசுகிறவரின் துணியைத் தொட்டுப் பார்க்காமல் அவரால் பேச முடியாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையையே நிமிண்டியவர் என்று அவர் மனைவி மாரக்காள் சொல்வார்.

தொழில் கட்டிங் மாஸ்டர். நீளமான மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே சாக்கட்டியால் கோடு போட்டு, ஒரே வெட்டில் நாற்பது பனியன் வெட்டுவார். கோடு போடுவதில்தான் வித்தை என்பார்கள். ஒரு விரற்கடை தள்ளிப் போட்டால் அடுக்கு முழுவதும் வீண். இருபது வருஷமாக அந்த மேஜையில் நின்ற மனிதருக்கு, எதையும் முதலிலேயே கோடு போட்டுவிட வேண்டும் என்ற பழக்கம் வந்ததில் ஆச்சரியமில்லை. அந்தப் பழக்கம்தான் அவரை ஒருமுறை கவிழ்த்தது. அதை அவரே எனக்குச் சொன்னார், பல நாள் காலையில், துண்டு துண்டாக.

ஊரில் உள்ள தேகப் பயிற்சிக் கழகம் ஒன்று குடியரசு தினத்தன்று ஓட்டப் பந்தயம் நடத்துகிறது. திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி போய்த் திரும்ப வேண்டும். பதினெட்டு மைல். முதலில் வருகிறவர்கள் கோயமுத்தூர் போலீஸ்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும். மற்றவர்கள் ஓடி முடித்தாலே பெருமை. அறுபத்தாறாம் வருஷம் கிட்டுசாமிக்கு அதில் ஆசை வந்தது. கம்பெனியில் இன்னும் ஆறு பேரைச் சேர்த்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த மாமா ஒருவர் பயிற்சித் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். பதினாறு வாரம், நூற்றுப்பன்னிரண்டு நாள். எந்த நாளில் எத்தனை மைல் என்பது ஒவ்வொரு நாளுக்கும் எழுதியிருந்தது. முதல் திங்களன்று இரண்டு மைல். ஜனவரியில் ஒரு ஞாயிறன்று பதினாறு.

பனியன் பெட்டிக்கான அட்டைகளை ஒட்டி, ஆளுயரத்துக்கு ஒரு பெரிய பலகைபோலச் செய்து, கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக் கட்டிங் அறைச் சுவரில் மாட்டினார் கிட்டுசாமி. ஏழு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் நூற்றுப்பன்னிரண்டு கட்டம். ஓடினால் நீலப் பென்சிலில் ஒரு கோடு. ஓடாவிட்டால் சிவப்பில் பெருக்கல் குறி. பென்சில்கள் இரண்டும் அவர் சட்டைப்பையில். அக்டோபர் மாதம் முதல் திங்கட்கிழமை ஆரம்பித்தார்கள். இரண்டு வாரம் திருவிழாபோல இருந்ததாம். டீ குடிக்கிற நேரத்தில் தையல்காரர்கள் வந்து நின்று அட்டையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். சுவரெல்லாம் நீலம்.

மூன்றாவது வாரம் தீபாவளி ஆர்டர்கள் வந்தன. மின்சாரம் பகலில் வெட்டு. பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின்கள் இரவில் ஓடின. குமாரவேல் என்ற நிட்டிங் ஆள் வேலை முடித்துக் கையில் எண்ணெயோடு வெளியே வருகிற நேரம் காலை ஐந்து மணி. அட்டை சொல்கிற நேரம் ஐந்தேகால். அவருக்கு முதல் சிவப்பு விழுந்தது. பிறகு சரக்குப் பேல் கட்டுகிற அங்கமுத்துவுக்கு. தீபாவளி வாரத்தில் ஏழு வரிசையில் ஆறு சிவந்துவிட்டன. மிச்சம் கிட்டுசாமி.

அவருக்கும் நான்கு நாள் தவறியது. வெட்ட வேண்டிய துணி கூரை வரை நின்றது. கட்டிங் மேஜையை விட்டு நகர முடியவில்லை. நான்கு சிவப்புக் குறிகளைத் தன் பெயருக்கு நேராகத் தானே போட்டார். ஞாயிற்றுக்கிழமை, விட்ட நான்கு நாள் மைல்களையும் கூட்டி ஒரே மூச்சில் ஓடிச் சரிக்கட்டிவிடுவது என்று புறப்பட்டார். இருபத்து மூன்று மைல். ஊத்துக்குளியைத் தாண்டித் திரும்புகிற இடத்தில் இடது கெண்டைக்காலுக்கு முன்னால் எலும்பில் யாரோ ஆணி அடிப்பதுபோல இருந்தது. உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. சந்தைக்கு நெய் கொண்டுவருகிற மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். “நெய் டின்னோட டின்னா வந்து எறங்குனாருங்க” என்று மாரக்காள் இன்றைக்கும் சிரிப்பார். அப்போது கிட்டுசாமி தரையைப் பார்ப்பார்.

கால் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. ஆனால் அவர் மறுபடி ஓடவில்லை. குடியரசு தினத்தன்று பந்தயம் கம்பெனித் தெரு வழியாகப் போனபோது, விடுமுறை நாளில் கட்டிங் அறையைத் திறந்து உள்ளே உட்கார்ந்து கொண்டாராம். கூட்டம் கைதட்டுகிற சத்தம் அடங்கும்வரை வெளியே வரவில்லை. அட்டையைக் கழற்றிப் பரணில் போட்டார். அந்த ஆறு பேரையும் பார்த்தால் பேச்சைக் குறைத்தார். அவர்களைப் பற்றி அவர் மனத்தில் இருந்த சொல், சோம்பேறிகள். தன்னைப் பற்றியும் அதே சொல்தான்.

ஒன்றரை வருஷம் கழித்து, புது அளவுக்கு மாதிரி வெட்ட அட்டை வேண்டியிருந்தது. பரணிலிருந்து அந்தப் பழைய அட்டையை இறக்கினார். மேஜைமேல் விரித்துக் கத்தரியைக் கையில் எடுத்தவர், வெட்டாமல் நின்றுவிட்டார். ஏழு வரிசையும் ஒன்றுபோல இருந்தன. முதலில் நீலம், நீலம், நீலம். பிறகு ஒரு சிவப்பு. அதற்குப் பிறகு கடைசிவரை சிவப்புத்தான். நடுவில் மூன்று சிவப்பு வந்து பிறகு நீலம் தொடங்கிய வரிசை ஒன்றுகூட இல்லை. தன் வரிசையையும் பார்த்தார். அதுவும் அப்படித்தான்.

“ஏழு பேருக்கும் ஒரே மாதிரி ஒடிஞ்சிருக்குதுங்க” என்றார் என்னிடம். “ஏழு பேரும் ஒரே மாதிரி சோம்பேறியா இருக்க முடியுமுங்களா? துணியில ஒரே எடத்துல ஏழு பனியனும் கிழிஞ்சிருந்தா, தைச்சவனையா திட்டுவோம்?”

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போனார். ஒரு ஞாயிறுக்கு ஓர் ஆள். முதல் வீட்டில் ஏன் நின்றாய் என்று கேட்டாராம். அவர் கால்வலி, மாமியார், மழை என்று பத்துக் காரணம் சொன்னார். எதுவும் மனத்தில் ஒட்டவில்லை. இரண்டாவது வீட்டில் கேள்வியை மாற்றிவிட்டார். எந்த நாளில் நின்றாய் என்று மட்டும் கேட்டார். நாளைச் சொல்ல ஆரம்பித்தால் அந்த நாளின் விஷயம் தானாக வந்துவிடுகிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. அங்கமுத்து யோசித்துச் சொன்னார்: முதல் நாள் தவறியது தூக்கத்தால். அன்று மாலை அட்டையில் சிவப்பைப் பார்த்ததும், இனிமேல் எத்தனை ஓடினாலும் அந்தக் கட்டம் நீலமாகாது என்று தோன்றியது. அதன்பிறகு விடியற்காலையில் விழிப்பு வந்தாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. இன்னொருவர், ஜனவரியில் இருக்கிற பதினாறு மைலைத் தினமும் பார்த்துப் பார்த்தே கால் வலித்தது என்றார். களைப்பினால் நின்றேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஐந்து வீடு ஆயிற்று. ஆறாவது ஆள் சாமியப்பன். ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும். நெசவுக்காரக் குடும்பம். ஏழு பேரில் நன்றாக ஓடியவர் அவர்தான். தீபாவளிக்கு முன்னாலேயே திடீரென்று கம்பெனியை விட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். காரணம் கிட்டுசாமிக்குத் தெரியவில்லை. மூன்று ஞாயிறுகள் அந்தத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். நான்காவது ஞாயிறு போனார்.

சாமியப்பன் மனைவி மருதம்மாள் முக்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார். சாமியப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எந்த நாளில் நின்றீர்கள் என்று கிட்டுசாமி கேட்டதும் அவர் எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தாராம். பிறகு நின்றபடியே சொன்னார்.

“பிரசவத்துக்குன்னு லீவு சொல்லிட்டுப் போனனுங்க மாஸ்டர். பையன் பொறந்தான். நாலு நாள் இருந்தான். மண்ணுல போட்டுட்டு ரெண்டு நாள் ஊட்டுல கெடந்தேன். முடியலீங்க. கம்பெனியில சத்தமாவது இருக்குமேன்னு வந்தேன். உள்ளார வந்தா, நீங்க செவுத்துக்கிட்ட நிக்கறீங்க. என்ற பேருக்கு நேரா செவப்பாப் போட்டுட்டு இருந்தீங்க. அது ஒம்பதாவது.”

கிட்டுசாமிக்குப் பிரசவ விஷயம் தெரியும். குழந்தை போனது தெரியாது. தீபாவளி அவசரத்தில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் யாரிடமும் கேட்கவில்லை. தெரியாது என்று சொல்ல வாயெடுத்தவர், அதைச் சொல்லவில்லை.

“கேட்டிருக்கோணும்” என்றார்.

“ஆமாங்க” என்றார் சாமியப்பன்.

அவ்வளவுதான் பேச்சு. மருதம்மாள் காலிச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கிட்டுசாமி போய் வருகிறேன் என்று எழுந்தார். இதை எனக்குச் சொல்லும்போது அவர் என் சட்டையைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்து பெரிய அட்டையை, வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற இடமான பொடக்காலியில் போட்டு வெந்நீர் அடுப்புக்கு எரித்துவிட்டார். சிவப்புப் பென்சிலையும் போடப்போனபோது, நல்ல பென்சில் என்று மாரக்காள் பிடுங்கி வைத்துக்கொண்டார். அந்த மழைக்காலத்துக்கு முன்னால் கிட்டுசாமி புதிதாக ஒரு திட்டம் போட்டார். ஒரே நாளில் வந்ததல்ல. போட்டுப் போட்டு அழித்தார். மாரக்காள் தோசை சுடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, உனக்கு நான் வேலை சொன்னால் எப்படிச் சொன்னால் செய்வாய் என்று கேட்டிருக்கிறார். “சொல்லாம இருந்தா செய்வேன்” என்று பதில் வந்தது. அதையும் குறித்துக்கொண்டார்.

புதிய அட்டை உள்ளங்கை அகலம். பனியன் பெட்டியின் மூடியிலிருந்து வெட்டியது. அதில் மூன்று வாரம் மட்டும்தான் இருக்கும். தேதி இல்லை, கிழமை இல்லை, நேரமும் இல்லை. ஒரு வாரத்துக்கு நான்கு கட்டம். நீளமான ஓட்டம் ஒன்று. மூச்சு வாங்குகிற வேகத்தில் குறைவான தூரம் ஒன்று. பேசிக்கொண்டே போகிற ஓட்டம் ஒன்று. நான்காவது கட்டம் வெறுமனே இருக்கும். அதை ஓடுகிறவர் தன் இஷ்டம்போல நிரப்பலாம், விட்டும் விடலாம். இரவு வேலைக்காரர் பகலில் ஓடலாம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர் புதனன்று ஓடலாம். ஒரு வாரம் முழுவதும் தவறிவிட்டால் அதை அடுத்த வாரத்தோடு கூட்டக் கூடாது. அதே வாரத்தை மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அட்டை அவரவர் வீட்டில் இருக்கும். குறி போடுகிற பென்சிலும் அவரவருடையது. மூன்று வாரம் முடிந்ததும் அடுத்த அட்டை.

விட்டுப்போன நாளைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் சொல்வது ஒரே சொல். “போச்சாது.” போனால் போகட்டும் என்பதற்கு இந்தப் பக்கத்தில் அப்படிச் சொல்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு உடனே கேட்பார்: “நாளைக்கு எப்போங்க?” நேற்றைப் பற்றி அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஒன்பது பேர் ஆரம்பித்தார்கள். தீபாவளி அவசரமும் வந்தது, மின்வெட்டும் இருந்தது. ஒவ்வொருவரும் ஒரு வாரமோ இரண்டு வாரமோ விட்டார்கள். விட்டவர்கள் திரும்பி வந்தார்கள். அதுதான் புதிது. ஜனவரியில் ஆறு பேர் பதினெட்டு மைலையும் முடித்தார்கள். அங்கமுத்து கடைசி மைலை நடந்தே கடந்து, எல்லைக் கயிற்றைத் தாண்டியதும் அங்கேயே மல்லாந்து படுத்துச் சிரித்தாராம். கிட்டுசாமிக்கு முப்பத்து நான்காவது இடம். கோப்பை ஏதும் இதுவரை அவர் வீட்டுக்கு வந்ததில்லை.

எல்லோருக்கும் அந்த அட்டை சரிப்பட்டது என்று சொல்ல முடியாது. குமாரவேல் இரண்டாவது வாரத்திலேயே நின்றுவிட்டார். கிட்டுசாமி போய்க் கேட்டபோது அவர் சொன்னதைப் பின்னால் கேள்விப்பட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். “நீயே பாத்துக்கன்னு சொன்னா நான் தூங்கிப்போடுவனுங்க மாஸ்டர். எனக்குச் செவப்பு வேணும். செவப்புன்னாத்தான் பயம் இருக்கும்.” கிட்டுசாமி ஒரு வாரம் குழம்பினார். பிறகு மாரக்காளிடமிருந்த சிவப்புப் பென்சிலை வாங்கிக்கொண்டுபோய், குமாரவேலுக்கு மட்டும் பழைய மாதிரியே நாள் வாரியாக, மைல் வாரியாகக் கட்டம் போட்டுக் கொடுத்தார். சிவப்பைப் போடும் பொறுப்பு குமாரவேலின் மனைவிக்கு. நான்கு வருஷமாக அந்த வீட்டில் அது நடக்கிறது. குமாரவேல் போன ஜனவரியில் கிட்டுசாமியைவிடப் பத்து நிமிஷம் முன்னால் வந்தார்.

கிட்டுசாமியின் சொந்த விஷயம் வேறு. மற்றவர்களுக்கு ‘போச்சாது’ சொல்லுகிற மனிதருக்குத் தான் ஒரு நாள் விட்டால் தாங்காது. போன ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை, சாலையெல்லாம் வெள்ளம். மூன்றாம் நாள் மாலை என் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், வாசலுக்கும் பொடக்காலிக்கும் நடுவில் உள்ள சந்தில், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருக்கிறார். நூறு தடவை போய்வந்தால் ஒரு மைல் என்று கணக்காம். நடுவே மாரக்காள் குடத்தை வைத்து வழியை அடைத்துவிட்டார். அவர் குடத்தைத் தாண்டித் தாண்டி ஓடினார்.

சாமியப்பனுக்கு அவர் செய்தது ஒன்றுதான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் அட்டை வெட்டும்போது அவர் பெயருக்கும் ஒன்று வெட்டுவார். மற்றவர்களுக்குக் கொடுத்த அன்றே அந்த வீட்டுக்கும் போவார். சாமியப்பன் வீட்டில் இருந்தால் உள்ளே எழுந்து போய்விடுவார். மருதம்மாள்தான் வாசலில் வந்து வாங்கிக்கொள்வார். முதல் தடவை, “வெச்சுட்டுப் போங்க” என்று மட்டும் சொன்னாராம். அடுத்த தடவைகளில் அதுவும் இல்லை. அவர் கையை நீட்டுவார், இவர் கொடுப்பார். பந்தயம் முடிந்த பிறகும் அட்டை நிற்காது. கோடையிலும் போகும். இப்படி நான்கு வருஷம். ஓடச் சொல்லி ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை.

இதை மருதம்மாளே எனக்குச் சொன்னார். தபால் அலுவலகத்துக்கு அவர் தம்பிக்குக் கடிதம் போட வருவார். அந்த அட்டைகளை வீசிவிடச் சொல்லி அவர் கணவர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அவர் வீசவில்லை. பெட்டியில் சேலைக்கு அடியில் அடுக்கி வைத்தார். ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன். பிள்ளை இறந்த வருஷம் தன்னிடம் யாரும் தொடர்ந்து வந்து நிற்கவில்லையாம். விசாரிக்க வந்தவர்கள் ஒருமுறை வந்ததோடு சரி. இந்த மனிதர் ஒருத்தர்தான் நாள் தவறாமல் வந்துகொண்டே இருந்தார்.

“அட்டைக்காக வெக்கலீங்க” என்றார். “வர்ற காலை நிறுத்தோணும்னு தோணலீங்க.”

இந்த வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு நாள் பெட்டியைத் திறந்தபோது, மேலாக இருந்த அட்டையில் இரண்டு கட்டத்தில் பென்சில் கோடு இருந்தது. மருதம்மாள் பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் மூடிவிட்டார். அடுத்த வாரம் இன்னும் மூன்று கோடு. சாமியப்பன் விடிகாலையில் கொல்லைப்பக்கமாக எழுந்து போய் நொய்யல் ஆற்றங்கரையில் தனியாக ஓடிவிட்டு வந்திருக்கிறார். அட்டை கொண்டுவந்தபோது மருதம்மாள் இதை மெதுவாகக் கிட்டுசாமியிடம் சொன்னார். அவர் சரிங்க என்றாராம். அன்று வீடு திரும்பும்போது வழியில் யாரையும் கவனிக்காமல், எதிரில் வந்த என்னையும் தாண்டிப் போனார்.

இனி அந்த ஜன்னலையும் தட்டுவார் என்று நினைத்தேன். தட்டவில்லை. கேட்டதற்கு, “அவரு வர்ற வழி எனக்குத் தெரியாதுங்க சார். நானாப் போய் நின்னா வழியை மறிச்ச மாதிரி ஆயிரும்” என்றார். ஆவணி போய்ப் புரட்டாசியும் பாதி ஆயிற்று. நொய்யல் கரையில் ஒருவர் ஓடுவது ஊருக்கே தெரிந்துவிட்டது. கிட்டுசாமி அந்தப் பக்கம் போகவில்லை.

போன வியாழக்கிழமை ஏழு பேர் கிளம்பினார்கள். நான் வழக்கம்போலச் சைக்கிளில் பின்னால். கிட்டுசாமி எப்போதும் கடைசியில்தான் ஓடுவார். முன்னால் போகிறவர்கள் கால் வைக்கிற விதத்தைப் பார்த்தால் யாருக்கு எங்கே வலி என்று தெரியும் என்பார். வீடுகள் முடிந்து சோளக்காடு தொடங்குகிற இடத்தில் எனக்குப் பின்னால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஒரு பர்லாங்கு தள்ளிச் சாமியப்பன் வந்துகொண்டிருந்தார். எங்களோடு சேர வருகிறவர்போல இல்லை. நாங்கள் மெதுவானால் அவரும் மெதுவானார். அந்த ஒரு பர்லாங்கு குறையாமலே இருந்தது.

கிட்டுசாமி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. கால் சத்தம் கேட்டே ஆளைச் சொல்லுகிறவர். ஓட்டத்தை அவர் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. கழுத்தின் பின்புறம் மட்டும் விறைத்திருந்தது. ஒரு மைல் இப்படியே போனோம்.

ரயில்வே கேட் வந்தது. திறந்திருந்தது. முன்னால் போன ஆறு பேரும் தாண்டி ஓடிவிட்டார்கள். கிட்டுசாமி கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஈரோடு பக்கம் போகிற தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டடி பின்னால் நானும் சைக்கிளை நிறுத்தினேன். கேட்காரர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“வண்டி ஒண்ணுமில்லீங்க. இன்னும் முக்கால் மணிநேரம் ஆகும். தாராளமாப் போலாம்.”

“இருக்கட்டுங்க” என்றார் கிட்டுசாமி. “நின்னு பாத்துட்டுப் போறனுங்க.”

பின்னால் கால் சத்தம் நெருங்கியது. நடுவில் ஒருமுறை நின்றது. கிட்டுசாமி தண்டவாளத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சத்தம் மறுபடி தொடங்கியது. சாமியப்பன் வந்து கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்றார். இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். அவரும் தண்டவாளத்தைப் பார்த்தார். அந்த மூச்சு மெள்ள அடங்குகிறவரை கிட்டுசாமி காத்திருந்தார். பிறகு, வண்டி ஒன்று கடந்துபோன பின்பு செய்வதுபோல, இடப்பக்கம் ஒருமுறையும் வலப்பக்கம் ஒருமுறையும் பார்த்துவிட்டு, அவரோடு சேர்ந்து தண்டவாளத்தைத் தாண்டினார்.